உருளும் குண்டின் பாகப்பிரிவினை

பெங்களூரு விவேக் நகரிலிருந்து வாசகர் ஒருவர் ஒரு வீட்டு வழக்கைத் தீர்த்துவைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். முதலாண்டு பி.யூ.சி. படிக்கும் மகள், பிளம்பர் விட்டுப்போன நாலு அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டுக்குள் அப்பாவின் போனை ஸ்பாஞ்சு வைத்துச் செருகி, சாய்த்துவைத்த பலகையில் உருட்டிவிட்டிருக்கிறாள். பலகையின் மேல்முனை கீழ்முனையைவிட 20 சென்டிமீட்டர் உயரம். ஆற்றல் அழியாது என்ற பாடப்புத்தக விதிப்படி குழாய் அடியை எட்டும்போது நொடிக்கு 1.98 மீட்டர் வேகம் வர வேண்டும். போனிலுள்ள செயலியோ 1.5-ஐ ஒட்டியே நின்றுவிட்டது. மிச்சத்தை உராய்வு தின்றுவிட்டது என்கிறாள் மகள். போன் பழசாகிவிட்டது என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?

இரண்டும் சரியில்லை. போன் கிட்டத்தட்ட உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. உராய்வு ஏதோ கொஞ்சம் கொறித்திருக்கலாம். பெரும்பங்கு அதன் வயிற்றுக்குப் போகவில்லை. காணாமல்போன வேகம் அந்தக் குழாயிலேயே இருந்தது.

முதலில் அந்தச் செயலி என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஜெர்மனியின் ஆகன் நகரிலுள்ள ஆர்.டபிள்யூ.டி.எச். பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட பைஃபாக்ஸ் இந்த வகையில் பெயர் பெற்றது; இலவசம். உருளும் பொருளின் வேகத்தை அளக்கவே அதில் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. ‘பாக்கெட்டுக்குள் ஓர் ஆய்வகம்’ என்றெல்லாம் இப்படிப்பட்டவற்றைப் புகழ்வது வழக்கம். புகழட்டும். ஆனால், போனுக்குத் தன் வேகம் தெரியவே தெரியாது. தான் எவ்வளவு விரைவாகச் சுழல்கிறோம் என்பது மட்டும்தான் தெரியும். அதற்குள் இருக்கும் சுழற்சியுணரி, அதாவது ஜைரோஸ்கோப், நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிரும் ஒரு சிலிக்கான் துணுக்கு. போன் சுழன்றால் அந்தத் துணுக்கு அதிரும் திசையிலிருந்து பக்கவாட்டில் விலகுகிறது. வங்கக் கடல் புயலைச் சுழல வைக்கும் கொரியாலிஸ் விளைவுதான் இதுவும். விலகலை மின்தேக்குத் திறனின் மாற்றமாகப் படித்து, நொடிக்கு இத்தனை டிகிரி என்று சொல்லிவிடுகிறது. வேகம் வேண்டுமென்றால் அதை ஆரத்தால் பெருக்க வேண்டும். அந்த ஆரத்தைத் தட்டச்சு செய்து கொடுப்பவர் மனிதர்.

ஆகவே, திரையில் தெரியும் வேகத்தின் நம்பகம் ஸ்கேல் பிடித்த கையின் நம்பகத்துக்கு மேல் போகாது. நாலு அங்குலக் குழாய் என்று கடையில் கேட்டால் கிடைப்பதன் வெளிவிட்டம் 110 மில்லிமீட்டர். ஆரம் 5.5 சென்டிமீட்டர். ‘நாலு அங்குலத்தில் பாதி, 5 சென்டிமீட்டர்’ என்று கொடுத்தால் வேகத்தில் 9 சதவீதம் அங்கேயே போய்விடும். செயலி அதற்குப் பிறகும் தசமப் புள்ளிகளை அள்ளி வீசத்தான் செய்யும். உணரிக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு: பெரும்பாலான போன்களில் நொடிக்கு 2000 டிகிரி, அதாவது ஐந்தரைச் சுற்று. இந்தக் குழாய்க்கு அது நொடிக்கு 1.92 மீட்டர். பலகையை இன்னும் தூக்கி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வரைபடம் தட்டையாகிவிடும். குழாய் சீரான வேகத்தை அடைந்துவிட்டது என்று யாராவது அறிக்கை எழுதிவிடக் கூடாது.

சுழற்சியை ஆரத்தால் பெருக்கினால் வேகம் என்பதற்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. குழாய் வழுக்காமல் உருள வேண்டும். வழுக்காமல் என்றால் என்ன? பலகையைத் தொடும் புள்ளி, தொடும் அந்தக் கணத்தில், அசையாமல் நிற்கிறது. குழாயின் மையம் முன்னோக்கிப் போகிறது, சுழற்சியால் அடிப்புள்ளி அதே வேகத்தில் பின்னோக்கிப் போகிறது, கூட்டினால் பூஜ்யம். உச்சியிலோ இரண்டும் ஒரே திசையில் சேர்ந்து இரட்டை வேகம். ஓசூர் சாலையில் 60 கிலோமீட்டரில் போகும் பேருந்தின் டயரில் மேல்விளிம்பு 120-இல் பறக்க, தார் ரோட்டைத் தொடும் ரப்பர் நின்றுகொண்டிருக்கிறது. ஓடும் சைக்கிளைக் கொஞ்சம் நிதானமான ஷட்டரில் படம் பிடித்தால் சக்கரத்தின் மேல்பாதிக் கம்பிகள் கலங்கியும் கீழ்பாதிக் கம்பிகள் தெளிந்தும் விழுவது இதனால்தான். ரயில் இன்னும் ஒருபடி மேலே போகிறது. தண்டவாளத்தில் உருளும் சக்கரத்தின் உள்விளிம்பு, தண்டவாளத்தின் மேல்மட்டத்துக்கும் கீழே ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். நிற்கும் புள்ளிக்கும் கீழே இருப்பது பின்னால்தானே போக வேண்டும்? சென்னையை நோக்கி 100 கிலோமீட்டரில் விரையும் சதாப்தியின் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு துணுக்கு எந்நேரமும் பெங்களூரை நோக்கிச் சுமார் 6 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது.

அடிப்புள்ளி நிற்கிறது என்பதில்தான் உராய்வின் விடுதலையும் இருக்கிறது. உராய்வு வெப்பமாக எதையாவது தின்ன வேண்டுமென்றால் இரண்டு பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று தேய்ந்து நகர வேண்டும். இங்கே நகர்வே இல்லை. பலகையின் உராய்வு குழாயைப் பிடித்துத் திருப்புகிறது. ஆனால், ஆற்றலில் கைவைப்பதில்லை. அப்படியானால் அந்த 20 சென்டிமீட்டர் உயரம் தந்த ஆற்றல் எங்கே போனது?

பாகம் பிரிந்துவிட்டது. உயரத்தில் தேங்கியிருந்த ஆற்றலைப் பாட்டன் சொத்து என்று கொள்வோம். வாரிசுகள் இருவர்: ஓட்டம் அண்ணன், சுழற்சி தம்பி. சொத்து முழுவதும் அண்ணனுக்கு என்று நினைத்துக் கணக்குப் போட்டால்தான் 1.98 வரும். தம்பியை மறந்துவிட்ட கணக்கு அது. யாருக்கு எவ்வளவு என்பதை எழுதிவைத்திருப்பது பொருளின் வடிவம். வளையத்தில் ஆளுக்குப் பாதி. உள்ளீடற்ற கோளத்தில் அண்ணனுக்கு மூன்று, தம்பிக்கு இரண்டு. திண்ம உருளையில் இரண்டுக்கு ஒன்று. திண்மக் கோளத்தில் அண்ணனுக்கு ஐந்து, தம்பிக்கு இரண்டு. எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி விளிம்பில் குவிந்திருக்கிறதோ அவ்வளவுக்குத் தம்பியின் கை ஓங்கும். இந்த உயிலின் வினோதம், அதில் நிறையும் இல்லை, ஆரமும் இல்லை. கோலிக்குண்டும் கோயில் தேர் உயரத்துக்கு ஒரு கல்லுருண்டையும் ஒரே விகிதத்தில்தான் பிரித்துக்கொள்ளும்.

பத்திர எழுத்தர் இந்த உராய்வுதான். அவர் இல்லாமல் பாகமே நடக்காது. உராய்வில்லாத பலகையில் குழாய் சுழலாமல் வழுக்கிக்கொண்டு இறங்கி, சொத்து முழுவதும் அண்ணனுக்கே போய்விடும். ஆனால், எழுத்தர் கூலி வாங்குவதில்லை. (இந்த உவமையில் நம்பவே முடியாத இடம் இதுதான்.) பலகை மிகச் செங்குத்தானால் அவரால் சமாளிக்க முடியாது, அடிப்புள்ளி வழுக்கத் தொடங்கும், அப்போது கமிஷனும் கேட்கத் தொடங்குவார், வெப்பமாக. உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்தால் வளையம் 31 டிகிரிச் சரிவிலேயே வழுக்கிவிடும். திண்மக் கோளம் 46 டிகிரி வரை தாங்கும். தம்பியின் பங்கு பெரிதென்றால் எழுத்தருக்கு வேலை அதிகம். ஸ்பாஞ்சு நசுங்குவதும் பலகை இம்மி குழிவதுமாக ஒரு சில்லறைச் செலவு எப்படியும் உண்டு. அதை முத்திரைத்தாள் செலவு என்று எழுதிக்கொள்ளலாம். காற்றின் தடை தாலுகா ஆபீஸ் பியூனுக்கு. இதற்கு மேல் உவமை தாங்காது.

தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் நூலில் வளையம், தட்டு, உள்ளீடற்ற கோளம், திண்மக் கோளம் நான்கையும் ஒரே சாய்தளத்தில் உருட்டி, முதலில் வருவது எது என்று கேட்கும் கணக்கு இருக்கிறது. கர்நாடகத்தின் பி.யூ.சி. மாணவர்கள் படிக்கும் என்.சி.இ.ஆர்.டி. நூலிலும் அதன் உடன்பிறப்பு உண்டு. விடை இரண்டிலும் திண்மக் கோளம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். ஒரு குண்டை எடுத்து உருட்டிப் பார்ப்பவர்கள்தான் அருகிவிட்டார்கள். 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு எண்களைப் போட்டால் திண்மக் கோளம் நொடிக்கு 1.67 மீட்டர், திண்ம உருளை 1.61, உள்ளீடற்ற கோளம் 1.53, வளையம் 1.40. பெங்களூரின் ஈர்ப்பு முடுக்கம் சுமார் 9.78 என்பதைக் கொண்ட கணக்கு இது. புத்தகத்தின் 9.8-ஐப் போட்டாலும் இரண்டாம் தசமத்தைத் தாண்டி ஒன்றும் கெட்டுவிடாது.

இந்தப் பந்தயத்தில் எல்லாரையும் தோற்கடிப்பவை இரண்டு. ஒன்று, தெருப் பையன்கள் பலகைக்கு அடியில் பழைய பேரிங் மாட்டிச் செய்யும் பேரிங் வண்டி. சுழலும் பகுதி வண்டியின் எடையில் சொற்பம் என்பதால் தம்பிக்குக் கிடைப்பது ஏதோ ஒரு மூலை நிலம். மற்றொன்று, விளிம்புவரை தண்ணீர் நிரப்பி மூடிய பாட்டில். பாட்டிலின் உறை சுழல்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீரில் சுவரை ஒட்டிய மெல்லிய படலம் தவிர மற்றது சுழற்சியைக் கண்டுகொள்ளாமல் அப்படியே பயணம் செய்கிறது. ஆகவே வழுக்கி வரும் பொருளின் வேகத்தை அது கிட்டத்தட்ட எட்டிவிடும். அதே பாட்டிலை, கொஞ்சம் இடம் விட்டு நிரப்பி, ஃப்ரீசரில் வைத்து உறைய வைத்து உருட்டினால் பனிக்கட்டி உறையோடு சேர்ந்து சுழன்றாக வேண்டும். திண்ம உருளையாகி 1.61-க்கு இறங்கிவிடும். வடிவமும் பாட்டிலும் மாறவில்லை, எடையும் ஏறத்தாழ அதேதான். பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் மூலைக்கு மூலை எரிமலை பொங்குவதற்குப் பதிலாக இதை ஒருவர் வைக்கலாம்.

விவேக் நகர்க் குழாய்க்கு இப்போது தீர்ப்பு சொல்லிவிடலாம். அது வெறும் வளையமல்ல. நடுவில் போன் இருக்கிறது. சுமார் 18 சென்டிமீட்டர் நீளக் குழாய்த் துண்டு 200 கிராமைக் கொஞ்சம் தாண்டும். போன் 190 கிராம் என்று கொள்வோம். குழாயின் எடை முழுவதும் விளிம்பில். போன் அச்சை ஒட்டிக் கிடப்பதால் அதற்குத் தம்பியின் கட்சியில் செல்வாக்கு இல்லை. இரண்டையும் கூட்டிக் கணக்குப் போட்டால் அடியில் வேகம் சுமார் 1.57 வர வேண்டும். செயலி காட்டியது 1.5 சொச்சம். மீதிச் சிறு வித்தியாசத்தை ஸ்பாஞ்சுக்கும் பலகைக்கும் பங்கு போட்டுக் கொடுக்கலாம். அப்பா போனை மாற்ற வேண்டியதில்லை.

மகள் வரைபடத்தை உற்றுப் பார்த்திருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும். வேகக் கோடு வழுவழுப்பாக ஏறாமல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை மேடும் பள்ளமுமாக நெளியும். போனின் எடைமையம் குழாயின் அச்சில் அச்சொட்டாக உட்காராததன் அடையாளம் அது. எடைமையம் மேலிருந்து கீழே வரும் அரைச்சுற்றில் குழாய் விரைகிறது. மேலே ஏறும் அரைச்சுற்றில் தயங்குகிறது. கேமரா இருக்கும் முனை கனமான போன்களைக் கொஞ்சம் இப்படி அப்படி நகர்த்தி, நெளிவு குறையும்வரை ஸ்பாஞ்சைத் திருத்தலாம். கார் டயருக்குக் கடையில் ஈயத்துண்டு ஒட்டிச் செய்யும் வீல் பேலன்சிங்கும் இதே வேலைதான்.

போன் வேண்டாம் என்பவர்கள் என்ன செய்வார்கள்? ஸ்டாப் வாட்ச் என்று உடனே கை நீளும். ஒரு மீட்டர் ஓட்டத்துக்குத் திண்மக் குண்டு எடுத்துக்கொள்வது 1.2 நொடி. பார்த்து அழுத்தும் மனிதக் கையின் தாமதம் 0.2 நொடி அளவில் இருக்கும். ஆறில் ஒரு பங்கு பிழையோடு வேகம் அளந்தேன் என்று சொல்லிக்கொள்வதில் பெருமையில்லை. போதாக்குறைக்கு, தூரத்தை நேரத்தால் வகுத்துவிட்டு அதையே இறுதி வேகம் என்று எழுதுபவர்கள் உண்டு. நின்ற நிலையிலிருந்து சீராக முடுக்கம் பெறும் பொருளுக்கு இறுதி வேகம் சராசரியைப் போல இரு மடங்கு. வீடியோ பரவாயில்லை, ஆனால், நொடிக்கு 30 சட்டங்கள் எடுக்கும் சாதாரண வீடியோவில் அடியை நெருங்கும் குண்டு ஒரு சட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஐந்தரை சென்டிமீட்டர் தாவிவிடுகிறது. ஸ்லோ மோஷனில் 240 சட்டங்கள் எடுத்தால் 7 மில்லிமீட்டர். கல்லூரி ஆய்வகங்களில் ஒளிக்கதிரைக் குண்டு மறைக்கும் நேரத்தை அளக்கும் கருவி வைத்திருப்பார்கள். பந்தா அதிகம். இரண்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள குண்டின் நடுவில் படாமல் 5 மில்லிமீட்டர் மேலே கதிர் போனால் மறைபடும் நீளம் 1.73 சென்டிமீட்டர்தான், விட்டத்தைக் கொண்டு கணக்கிடுபவருக்கு வேகம் 15 சதவீதம் கூடுதலாக வரும். கருவி துல்லியம், பொருத்தியவர் இல்லை.

கடிகாரமே இல்லாத ஒரு வழி இருக்கிறது. இவை எல்லாவற்றையும்விட அதுதான் அழகு.

எலக்ட்ரீஷியன்கள் ஒயர் மறைக்கச் சுவரில் அடிக்கும் பி.வி.சி. கேசிங் பட்டியை எடுத்துக்கொள்ள வேண்டும். அடிப்பாகம் தட்டையாக, குண்டைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும். சாப்பாட்டு மேசையின் மேல் அதைச் சாய்த்து, கீழ்முனையை மெல்ல வளைத்து மேசை விளிம்போடு கிடைமட்டமாக முடியும்படி ஒட்ட வேண்டும். பட்டியில் 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு கோலிக்குண்டையோ சைக்கிள் கடை பால்ரஸையோ விட்டால், அது உருண்டு வந்து மேசையிலிருந்து குதித்துத் தரையில் விழும். விழும் இடத்தில் கோலமாவு தூவியிருந்தால் தடம் பதியும். மேசை விளிம்புக்கு நேர்கீழே உள்ள இடத்தைக் கொத்தனாரின் தூக்குக்குண்டால் குறித்துக்கொண்டு, அங்கிருந்து தடம்வரை ஸ்கேலால் அளக்க வேண்டும். அவ்வளவுதான்.

மேசை உயரம் 75 சென்டிமீட்டர் என்றால் குண்டு விழ எடுக்கும் நேரம் 0.39 நொடி. அது எவ்வளவு வேகமாகக் குதித்தாலும் இந்த நேரம் மாறாது. ஆகவே கடந்த தூரத்திலிருந்து வேகம் கிடைத்துவிடும். ஆனால், அதைக்கூடக் கணக்கிட வேண்டாம். சரிவின் உயரம், மேசையின் உயரம் இரண்டையும் பெருக்கி, 20/7-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் குண்டு விழ வேண்டிய தூரம் நேரடியாக வந்துவிடுகிறது: 65 சென்டிமீட்டர். ஈர்ப்பு முடுக்கம் கணக்கிலிருந்தே கழன்றுவிட்டது. நிலாவில் செய்தாலும் அதே 65 சென்டிமீட்டர். மெதுவாக உருளும், மெதுவாக விழும், இரண்டும் சரிக்குச் சரி. இப்போது தம்பியை மறந்துவிட்டு, குண்டு உருளாமல் வழுக்கி வந்ததாகக் கொண்டால் 20/7-க்குப் பதில் 4 வரும். தூரம் 77 சென்டிமீட்டர். இரண்டு விடைகளுக்கும் இடையே 12 சென்டிமீட்டர். பள்ளிக்கூட ஸ்கேலும் கோலமாவும் வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத பாகப்பிரிவினையைத் தரையில் விரற்கடையில் அளந்துவிடலாம். ஆயிரக்கணக்கில் விலைபோட்டு விற்கிற ‘ஸ்டெம் கிட்’ பெட்டிகளில் இதைவிட நல்லதாக ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில் கலிலியோவைக் கூப்பிடாவிட்டால் கடிதங்கள் வரும். 1638-இல் அச்சான நூலில் அவர் பன்னிரண்டு முழ நீளப் பலகையில் காடி வெட்டி, காகிதத்தோல் ஒட்டி, வெண்கலக் குண்டை உருட்டி, ஒழுகும் நீரை எடைபோட்டு நேரம் அளந்ததாக எழுதியது எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்தத் துல்லியத்தைப் பின்னால் வந்தவர்கள் நம்பவில்லை. 1961-இல் தாமஸ் செட்டில் அதையெல்லாம் திரும்பச் செய்துகாட்டிய பிறகுதான் வாய் அடைத்தது. இதைவிடச் சுவையானது அவர் அச்சில் ஏற்றாத ஒரு தாள். ஃபுளோரன்ஸ் நூலகத்தில் உள்ள கையெழுத்துப் பிரதிகளில் 116-ஆம் இலை. 1970-களில் ஸ்டில்மன் டிரேக் அதைத் தூசி தட்டி எடுத்தார். மேசை, சரிவு, குதிக்கும் குண்டு, விழுந்த தூரங்கள். மேலே சொன்ன அதே சோதனை, நானூறு வருடங்களுக்கு முன்னால்.

கலிலியோவின் அலகு ‘புள்ளி’; ஒன்று ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். மேசை உயரம் 828 புள்ளி. சரிவு 300 புள்ளி உயரத்திலிருந்து உருட்டியபோது குண்டு 800 புள்ளி தூரத்தில் விழுந்திருக்கிறது. 600-இலிருந்து 1172. 1000-இலிருந்து 1500. அவர் என்ன செய்தார் என்றால், முதல் அளவான 800-ஐ அப்படியே அடிப்படையாக வைத்துக்கொண்டு, மற்றவை வர்க்கமூல விகிதத்தில் வருகின்றனவா என்று சோதித்தார். 1172-க்கு 1131 வந்திருக்க வேண்டும், 41 வித்தியாசம் என்று தாளிலேயே குறித்திருக்கிறார். விகிதம் ஏறத்தாழச் சரியாக வந்தது. திருப்தி. ஆனால், 800 என்ற முதல் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. வழுக்கி வந்த குண்டாக இருந்தால் அது 997 புள்ளி தள்ளி விழுந்திருக்கும். உருண்டு வந்த குண்டுக்குரிய 20/7-ஐப் போட்டால் 842. விகிதங்களை மட்டும் ஒப்பிடும் கணக்கில், எல்லா எண்ணையும் ஒரே காரணியால் குறைக்கும் எதுவும் தன்னைக் காட்டிக்கொள்ளாது. சுழற்சியின் பங்கு அந்தத் தாளில் எழுதப்பட்டுக் கிடக்கிறது, படிக்கப்படாமல். நிலைமத் திருப்புத்திறனுக்குப் பெயர் வைக்க ஆய்லர் வர வேண்டியிருந்தது. அவரது நூல் வெளியானது 1765-இல்.

உருளும் குண்டிலிருந்து ஈர்ப்பு முடுக்கத்தைக் கறக்க முயல்பவர்கள் எல்லாருக்கும் இந்தத் தம்பி சொல்லாமல் வரும் விருந்தாளி. அதனால்தான் அந்த வேலையை ஊசலிடம் கொடுத்தார்கள். ஊசல் ஆடும், உருளாது. மதராஸ் வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் 1821-இல் ஊசலைக் கட்டி அந்த ஊரின் ஈர்ப்பை அளந்தார். அந்த வானாய்வகத்தின் இன்றைய வாரிசான இந்திய வானியற்பியல் நிறுவனம், விவேக் நகருக்குப் பக்கத்துக் கோரமங்கலாவில் இருக்கிறது.

கலிலியோவின் தாளுக்குத் திரும்புவோம். 842 எங்கே, 800 எங்கே? இந்த மிச்ச வித்தியாசத்துக்குக் காரணமாகக்கூடிய ஒன்று காடி. காடியில் போகும் குண்டு தன் அடிப்புள்ளியில் நிற்பதில்லை. இரு பக்க விளிம்புகளில் தொட்டுக்கொண்டு நிற்கிறது. தொடும் இடம் மையத்துக்கு நெருங்கிவிடுவதால், அதே தூரம் முன்னேற அது கூடுதல் சுற்றுகள் சுற்றியாக வேண்டும். உருளும் ஆரம் இப்போது குண்டின் ஆரமல்ல, அதைவிடச் சிறியது. உயிலில் ஆரத்துக்கு இடமில்லை என்று மேலே சொன்னது தட்டையான தளத்துக்கு மட்டும்தான். வரப்பு இரண்டின்மேல் குண்டை ஏற்றிவிட்டால் தம்பிக்கு ஏக்கர் கூடிவிடும்.

எவ்வளவு கூடும்? 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள கோலிக்குண்டை, 12 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்த இரண்டு மெல்லிய கம்பிகளின் மேல் உருட்டினால், 20 சென்டிமீட்டர் உயரம் இறங்கி வரும்போது நொடிக்கு 1.67 மீட்டர் இருக்க வேண்டிய வேகம் 1.43-க்கு விழுந்துவிடும். திண்மக் குண்டு கிட்டத்தட்ட வளையத்தின் நிலைக்கு வந்துவிட்டது. கேசிங் பட்டி குண்டைவிடக் குறுகலாக இருந்தால் நடப்பது இதுதான். 65 சென்டிமீட்டரில் விழ வேண்டியது 56-இல் விழும்; செய்தவர் கோலமாவைக் குறை சொல்வார்.

ஆனால், இதே கம்பித் தடத்தை மேசை விளிம்பில் முடிக்காமல், வீட்டின் சிமென்ட் தரையில் மென்மையாக இறக்கிவிட்டால் வேறொன்று நடக்கிறது. கம்பியை விட்டுத் தரையில் கால் வைத்த குண்டு, 1.43 மீட்டர் வேகத்துக்குத் தேவையானதைவிட அதிகமாகச் சுழன்றுகொண்டிருக்கிறது. அதன் விளிம்பு வேகம் 2.16. அடிப்புள்ளி இப்போது நிற்கவில்லை, பின்னோக்கித் தேய்கிறது. தரையின் உராய்வு அதை எதிர்த்து முன்னோக்கித் தள்ளுகிறது. சரிவு முடிந்து சமதரைக்கு வந்துவிட்ட குண்டு, யாரும் தொடாமலே வேகம் கூடி, சில அங்குலங்களுக்குள் 1.64-க்கு ஏறி, அதன் பிறகு வழுக்காமல் உருளத் தொடங்கும். 240 சட்ட ஸ்லோ மோஷனில், தரையில் ஒரு ஸ்கேலைப் படுக்கவைத்து எடுத்தால், கம்பியில் சட்டத்துக்கு 6 மில்லிமீட்டர் நகர்ந்த குண்டு தரையில் 7-ஆக நகர்வதை எண்ணிவிடலாம். ஒரு சட்டம் இரண்டு சட்டங்களை வைத்து முடிவு கட்டாமல் பத்துச் சட்டங்களைச் சேர்த்து அளப்பது நல்லது. மொசைக் தரையைவிடச் சிமென்ட் தரை இதற்குத் தோது.